கம்ப்யூட்டருக்கு ஒரு துபாஷி
கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வரலாறு

வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பார்க்காத சென்னைவாசிகள் குறைவு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பழைய மிருகக்காட்சிசாலைதான் 1985-ம் ஆண்டில் இங்கே இடம் மாறி வந்தது.

அங்கே ஒவ்வொரு அடைப்புக்கும் முன்னால் ஒரு பலகை இருக்கும். உள்ளே இருப்பது என்ன மிருகம், அது என்ன தின்னும் என்று அதில் எழுதியிருக்கும்.

புலி இருக்கும் இடத்தில் மான் என்று யாரோ தவறாகப் பலகை மாட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வேலைக்கு வந்தவர் பலகையைப் படிக்கிறார். புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறக்கிறார். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

பூங்காவைத் தாண்டிக் கேளம்பாக்கம் போகும் சாலையில் பெரிய கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளும் பலகை மாட்டுகிறார்கள். மிருகங்களுக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு எழுதும் புரோகிராம்களுக்கு.

ஒரு புரோகிராம் என்பது பல சிறு துண்டுகள் சேர்ந்தது. வட்டி கணக்கிட ஒரு துண்டு. பெயர்களை அகர வரிசையில் அடுக்க ஒரு துண்டு. இந்தத் துண்டுக்கு "பங்ஷன்" என்று பெயர். ஒவ்வொரு பங்ஷனின் தலையிலும் ஒரு குறிப்பு எழுதுவார்கள். உள்ளே என்ன போட வேண்டும், வெளியே என்ன வரும் என்பதே அந்தக் குறிப்பு.

வெளியே எண் வரும் என்று எழுதிவிட்டு, உள்ளே பெயரை அனுப்பும்படி வேலையை அமைத்தால்? பலகையில் மான், உள்ளே புலி!

கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறது. இத்தனாவது வரியில் எழுதிய குறிப்பு ஒன்று, உள்ளே நடப்பது வேறொன்று என்று எச்சரிக்கை வருகிறது. சில சமயம் வேலையையே நிறுத்திவிடும். சில சமயம் எச்சரித்துவிட்டு, பிறகு உன் பாடு என்று விட்டுவிடும். பின்னதை அலட்சியம் செய்துவிட்டு நடு இரவில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இந்த எச்சரிக்கையைக் கொடுப்பது "கம்பைலர்". மனிதன் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது அதுதான். பழைய சென்னைப் பட்டணத்தில் வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் ஊர் ஜனங்களுக்கும் நடுவே துபாஷி இருந்தாரே, அவரைப் போல.

அந்தத் துபாஷியை உண்டாக்கிய முன்னோடி ஒரு பெண்மணி. அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர்.

ஏழு கடிகாரங்கள்

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி கிரேஸ் பிறந்தார். வீட்டில் மூத்த குழந்தை.

ஏழு வயது இருக்கும். ஒரு கோடை விடுமுறையில், அலாரம் கடிகாரம் எப்படி அடிக்கிறது என்று பார்க்க ஒன்றைக் கழற்றினார். மறுபடி மாட்டத் தெரியவில்லை. எப்படி மாட்டுவது என்று பார்க்க இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களையும் கழற்றிவிட்டார்! தாயார் வந்து பார்த்தார். இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தோடு விளையாடலாம் என்று உத்தரவு போட்டார். அடி விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆண் பிள்ளைகளைப் போலவே பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பது தகப்பனாரின் பிடிவாதம். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் அது சாதாரண விஷயம் அல்ல.

பதினாறு வயதில் வாஸர் கலாசாலையில் சேரப் பரீட்சை எழுதினார். லத்தீன் மொழியில் மார்க்கு போதவில்லை. ஓராண்டு காத்திருந்துதான் சேர முடிந்தது. பிற்காலத்தில் யந்திரங்களுக்கே பாஷை உண்டாக்கியவர், சின்ன வயதில் பாஷைப் பரீட்சையில் தவறியவர்!

1928-ல் பட்டம் பெற்றார். 1930-ல் வின்சென்ட் ஹாப்பர் என்ற ஆசிரியரை மணந்தார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். தாம் படித்த வாஸரிலேயே கணக்கு ஆசிரியை ஆனார்.

கப்பற்படையில் கணக்கு

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டன. அமெரிக்காவும் யுத்தத்தில் குதித்தது.

கிரேஸ் கப்பற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம் என்றார்கள். எடை குறைவு என்றார்கள். கணக்கு ஆசிரியைகள் கலாசாலையில் இருப்பதே நாட்டுக்கு நல்லது என்றும் சொன்னார்கள். அவர் விடவில்லை. விசேஷ அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார். பயிற்சியில் முதலாவதாகத் தேறினார்.

1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே "மார்க் 1" என்ற ராட்சதக் கணக்கு யந்திரம் இருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம்! அதற்குத் தலைவர் ஹோவர்டு எய்க்கன். கண்டிப்பான மனிதர். இவ்வளவு தாமதமாக ஏன் வந்தாய் என்பதுதான் அவருடைய வரவேற்பு.

அந்த யந்திரத்துக்கு உத்தரவு கொடுப்பது எப்படி? நீளக் காகித நாடாவில் துளை போட வேண்டும். இன்ன இடத்தில் துளை இருந்தால் கூட்டு. இன்ன இடத்தில் இருந்தால் பெருக்கு. ஒரு துளை தள்ளி விழுந்துவிட்டால் விடை முழுவதும் தப்பு. அந்த விடையை நம்பித்தான் கப்பலில் பீரங்கியைத் திருப்புவார்கள். அதனால் விடைகளைச் சரிபார்ப்பதே அங்கே பெரும் வேலை.

எச்சரிக்கை கிடையாது. யந்திரம் தப்பான உத்தரவையும் மூச்சு விடாமல் செய்து முடிக்கும்.

சரியாக வந்த துண்டுகளை எல்லோரும் தத்தம் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். ஒருவருக்குத் தேவைப்பட்டால் இன்னொருவர் நோட்டிலிருந்து காப்பி செய்வார். இந்த நோட்டுப் புத்தகங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் கதைக்கு வித்து அதுதான்.

1945-ல் கணவரோடு விவாகரத்து ஆயிற்று. யுத்தமும் முடிந்தது. கிரேஸ் வாஸருக்குத் திரும்பவில்லை, யந்திரத்தோடேயே தங்கிவிட்டார்.

பூச்சி அகப்பட்டது

1947 செப்டம்பர் 9-ந் தேதி, அடுத்த யந்திரமான "மார்க் 2" கோளாறு செய்தது. திறந்து பார்த்தால், உள்ளே ஒரு விட்டில் பூச்சி நசுங்கிக் கிடந்தது! அதை எடுத்து அன்றைய பதிவுப் புத்தகத்தில் ஒட்டி, பூச்சி அகப்பட்டது என்று பக்கத்தில் எழுதினார்கள்.

கம்ப்யூட்டர் தவற்றுக்குப் "பக்" என்ற பெயர் வந்ததே இதனால்தான் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. யந்திரக் கோளாற்றைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே உண்டு. பூச்சியைக் கண்டெடுத்தவரும் கிரேஸ் அல்ல. ஆனால் அந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியவர் அவர்தான்.

பாங்குக் கணக்கில் குழப்பம்

1949-ல் பிலடெல்பியா நகரில் எக்கெர்ட்-மாக்லி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் பழகிய யந்திரம் எட்டு எட்டாக எண்ணும். அதாவது 7-க்கு அப்புறம் 8 கிடையாது. 10 என்று எழுத வேண்டும்.

நம் பாட்டனார் காலத்தில் 16 அணா ஒரு ரூபாய். அணாக் கணக்கிலேயே ஊறிய கை, 1957-ல் நயா பைசா வந்தபோது எத்தனை தடுமாறியது! அதே கதிதான் கிரேஸுக்கும். பகல் முழுவதும் எட்டெட்டாகக் கூட்டிக் கழித்தவர், இரவில் தம் பாங்குக் கணக்கையும் எட்டெட்டாகவே கழித்துவிட்டார்! பாங்குக் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. பாங்கு உத்தியோகத்தில் இருந்த தம்பியிடம் நோட்டைக் கொடுத்தார். சில இடங்களில் பத்துப் பத்தாகவும் சில இடங்களில் எட்டெட்டாகவும் கழித்திருப்பதைத் தம்பி கண்டுபிடித்தார்.

பத்தின் கணக்கில் 10 என்றால் பத்து. எட்டின் கணக்கில் 10 என்றால் எட்டு. தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இது எந்தக் கணக்கு என்று பக்கத்தில் குறிப்பு இல்லாவிட்டால் டாக்டர் பட்டம் வாங்கியவரும் ஏமாறத்தான் வேண்டும். யந்திரத்தின் பாஷையை மனிதன் கற்றுக்கொண்டு அவதிப்படுவதைவிட, மனிதனின் பாஷையை யந்திரம் புரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது.

பி எழுத்து பதின்மூன்றான கதை

அந்தக் கம்பெனி 1951-ல் "யூனிவாக்" என்ற புது யந்திரத்தை வெளியிட்டது. வேகம் கூடியது. மனிதர்கள் செய்யும் பிழை மட்டும் குறையவில்லை.

கிரேஸ் உட்கார்ந்து பிழைகளை ஆராய்ந்தார். பெரும்பாலானவை இரண்டே வகை.

நோட்டிலிருந்து துண்டைக் காப்பி செய்யும்போது எழுத்து மாறிவிடுகிறது. வெற்றிடத்தைக் குறிக்க ஒரு முக்கோணம் போடுவார்கள். அவசரத்தில் எழுதிய 4, முக்கோணமாகத் தெரியும். ஆங்கில எழுத்தான பி, 13 ஆகிவிடும்! இன்னொரு வகை கூட்டல் பிழை. நோட்டில் ஒவ்வொரு துண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணி எழுதப்பட்டிருக்கும். அதைப் பெரிய புரோகிராமின் நடுவில் சேர்க்கும்போது, அதிலுள்ள இட எண்களோடெல்லாம் ஒரு தொகையைக் கூட்ட வேண்டும். மனிதர்கள் தப்பாகக் கூட்டினார்கள்.

காப்பி செய்வதும் கூட்டுவதும் யாருக்கு நன்றாக வரும்? யந்திரத்துக்கு! அந்த வேலையை அதனிடமே கொடுத்தால் என்ன?

கேட்பதற்கு எளிது. ஆனால் அதைச் செய்துகாட்ட வேண்டுமே!

சரிபார்த்த துண்டுகளையெல்லாம் காந்த நாடாவில் ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக் குறி கொடுத்தார். எந்தத் துண்டு வேண்டும், அதற்குள் போகும் எண் எங்கே இருக்கிறது, விடையை எங்கே வைக்க வேண்டும், இவ்வளவுதான் மனிதன் எழுத வேண்டியது. மற்றதை யந்திரம் பார்த்துக்கொள்ளும். துண்டைத் தேடி எடுக்கும், காப்பி செய்யும், இட எண்களைக் கூட்டும், முழுப் புரோகிராமைத் தொகுத்துத் தரும். இதற்கு "ஏ-0" என்று பெயர் வைத்தார். முதல் கம்பைலர் என்று பெரும்பாலோர் சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு சங்கடம் வந்தது. புரோகிராம் சில இடங்களில் முன்னால் தாவ வேண்டும். ஆனால் தாவ வேண்டிய இடம் இன்னும் எழுதப்படவே இல்லை. எங்கே என்று தெரியாமல் எப்படித் தாவுவது?

இங்கே கைகொடுத்தது கூடைப்பந்து! கலாசாலையில் கிரேஸ் அந்த விளையாட்டு ஆடியவர். அக்காலத்துப் பெண்கள் ஆட்டத்தில் பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. தோழியிடம் எறிந்துவிட்டு, முன்னால் ஓடி, அங்கே அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதையே இங்கும் செய்தார். யந்திரத்தின் ஞாபகத்தில் ஒரு மூலையை ஒதுக்கினார். தாவ வேண்டிய இடம் தெரியாதபோது அந்த மூலைக்குத் தாவச் சொன்னார். போய்ச் சேர வேண்டிய துண்டுக்கு ஒரு கொடி அடையாளம். அந்தத் துண்டு வந்ததும், மூலையிலிருந்து அங்கே வழி போட்டுவிடும். புரோகிராம் துண்டின் தலையில் அடையாளம் எழுதும் வழக்கத்துக்கு இது ஓர் ஆரம்பக் காட்சி.

1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கூட்டத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். யாரும் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போடும். புரோகிராம் எழுதாது என்று மற்றவர்கள் சாதித்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்பைலரைத் தொட்டுப் பார்க்கவும் ஆள் வரவில்லை. நாடாவுக்குத் துளை போடுவதே ஒரு வித்தை, அது எல்லோர் கைக்கும் வந்துவிட்டால் நம் கதி என்ன என்று நினைத்தவர்களும் இருந்திருக்கலாம்.

பிரெஞ்சு பேசிய யந்திரம்

கிரேஸ் அடுத்த படிக்குப் போனார். வியாபாரக் கம்பெனிகளில் கணக்கு எழுதுபவர்களுக்குக் குறிகள் பிடிக்காது. அவர்களுக்கு ஆங்கில வார்த்தைகளிலேயே உத்தரவு எழுத வழி செய்ய வேண்டும்.

மேலதிகாரிகளிடம் செய்து காட்டினார். ஆங்கில வார்த்தைகளுக்கு யந்திரம் கட்டுப்பட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே புரோகிராமைப் பிரெஞ்சு வார்த்தைகளிலும் ஜெர்மன் வார்த்தைகளிலும் எழுதி ஓட்டினார்! எந்த வார்த்தையானாலும் யந்திரத்துக்கு அது ஓர் அடையாளம்தானே? தமிழில் எழுதியிருந்தாலும் ஓடியிருக்கும்.

அதிகாரிகள் மிரண்டுபோனார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க யந்திரத்துக்கு அந்நிய பாஷை எப்படித் தெரியும் என்பது அவர்கள் கவலை! ஆங்கிலம் மட்டுமே உபயோகிப்பதாக வாக்குக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. இப்படிப் பிறந்த பாஷைக்குப் "புளோ-மேட்டிக்" என்று பெயர்.

பலகையில் எத்தனை இலக்கம்?

1959-ல் அமெரிக்க சர்க்காரும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் கூடி, எல்லா யந்திரங்களுக்கும் பொதுவாக ஒரு வியாபார பாஷை வேண்டும் என்று முடிவு செய்தன. ஒரு குழு அமைத்தார்கள். கிரேஸ் ஆலோசகராக இருந்தார். அப்படி வந்ததுதான் "கோபால்". நம் ஊர் கோபாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

கோபாலின் தாய் என்று கிரேஸைச் சொல்வதுண்டு. உண்மையில் அதைச் செய்தது ஒரு குழு. ஆனால் அஸ்திவாரம் அவருடைய புளோ-மேட்டிக்தான். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் யந்திரங்களில் ஓடியது.

கோபாலில் ஒவ்வொரு விவரத்துக்கும் பலகை மாட்டியே தீர வேண்டும். எண்ணா, எழுத்தா, எத்தனை இலக்கம் என்று முதலிலேயே எழுத வேண்டும். 9 என்று எழுதினால் ஓர் இலக்கம். 99 என்றால் இரண்டு. எண் வைக்கும் இடத்தில் பெயரைப் போட முயன்றால் கம்பைலர் ஆட்சேபிக்கும்.

ஆனால் கம்பைலரே தவறு செய்தால்? ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் கம்பைலரைச் செய்தது. ஒரே பாஷை என்று பெயர். அர்த்தம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. துபாஷிகள் பத்துப் பேர் பத்து விதமாக மொழிபெயர்த்தால் எஜமான் என்ன செய்வார்?

1966 முடிவில் வயதைக் காரணம் காட்டிக் கப்பற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழே மாதத்தில் திரும்பக் கூப்பிட்டது! ஆறு மாதத்துக்கு என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். போனவர் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். கோபால் குழப்பத்தை ஒழுங்கு செய்வதுதான் வேலை. கம்பைலர்களுக்குப் பரீட்சை வைக்கும் புரோகிராம்களை அவரும் அவருடைய ஆட்களும் எழுதினார்கள். புரோகிராமைச் சோதிப்பது கம்பைலர். கம்பைலரைச் சோதித்தது கிரேஸ்.

கைப்பையில் கம்பி

வயதான பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கைப்பையில் எப்போதும் கம்பித் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் ஓரடி நீளம். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி போகும் தூரம் அது. செயற்கைக் கிரகம் வழியாகச் செய்தி வர ஏன் தாமதம் என்று கேட்கும் தளபதிகளிடம் ஒரு கம்பியைக் கொடுத்து, அங்கே போய்வர இப்படி எத்தனை கம்பி வேண்டும் என்று கேட்பார். அவர் அறையில் இருந்த கடிகாரம் இடப்பக்கமாகச் சுற்றும். வழக்கத்தை மாற்றக் கூடாது என்பவர்களுக்கு அது அவர் கொடுத்த பதில். ஏழு கடிகாரங்களைக் கழற்றிய குழந்தை மாறவே இல்லை!

1986 ஆகஸ்டில், ரியர் அட்மிரல் என்ற உயர்ந்த பதவியில், 79-வது வயதில் ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ந் தேதி காலமானார். ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள். பிறகு ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2016-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, நாட்டின் உயர்ந்த சுதந்திரப் பதக்கத்தை அவர் பேருக்கு அளித்தார்.

இரண்டு இலக்கத்தால் வந்த வினை

அவர் மறைந்த சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் ஒரு பீதி கிளம்பியது. பழைய கோபால் புரோகிராம்கள் பலவற்றில் வருஷத்துக்கு 99 என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதாவது இரண்டே இலக்கம். 1965 என்பதை 65 என்று எழுதி இடத்தை மிச்சம் பிடித்தார்கள். அந்நாளில் யந்திரத்தின் ஞாபகத்தில் இடம் அவ்வளவு கிராக்கி. 2000-ம் ஆண்டு பிறந்தால் 00 என்று வரும். அதை 1900 என்று யந்திரம் எடுத்துக்கொண்டால் வட்டி, பென்ஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் தலைகீழ்!

இத்தனை ஆண்டுகளாகக் கம்பைலர் ஏன் எச்சரிக்கவில்லை? எச்சரிக்க வழி இல்லை. பலகையில் இரண்டு இலக்கம். உள்ளேயும் இரண்டு இலக்கம். இரண்டும் ஒத்துப்போயின. பலகையும் உள்ளே இருப்பதும் மாறினால்தான் அது கத்தும். பலகையே போதாது என்பது மனிதனுக்குத்தான் தெரிய வேண்டும்.

இந்தியாவில் எத்தனையோ கம்பெனிகள் அந்தத் திருத்த வேலையை எடுத்துக்கொண்டன. சென்னையிலும் இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்து, தாங்கள் பிறக்கும் முன் அமெரிக்காவில் யாரோ எழுதிய கோபால் வரிகளைப் படித்து, இரண்டு இலக்கங்களைத் தேடித் தேடி நான்காக்கினார்கள். அந்தச் சம்பளத்தில் வீட்டுக் கடன் அடைந்த குடும்பங்களும் உண்டு. தங்கைக்குக் கல்யாணம் நடந்த குடும்பங்களும் உண்டு.

2000 ஜனவரி 1-ந் தேதி விடிந்தது. அங்கங்கே சில்லறைக் கோளாறுகள் தவிர, பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் மறைந்து அன்றைக்குச் சரியாக எட்டு ஆண்டுகள்.